தலையசைப்பின் விலை

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் தொழில் புரியும் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும், எந்த உணவகத்தின் சமையலறைக்குள்ளும் சென்று சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாது கண்ணிற்படும். மேற்பார்வையாளர் விரைவாக ஏதோ சொல்வார். அதிற் பாதி இயந்திர இரைச்சலிற் கரைந்துபோகும். மீதிப் பாதியில் எம்மவருக்குத் தெரிந்த சொற்கள் மூன்றோ நான்கோ இருக்கும். இறுதியில் அவர் "விளங்கியதா?" என்று கேட்பார். எம்மவர் தலையை அசைத்து "யெஸ்" என்பார். மேற்பார்வையாளர் திருப்தியுடன் அப்பாற் செல்வார். அவர் சென்று மறைந்த பின்னரே, அருகில் நிற்பவரிடம் எம்மவர் மெல்லக் கேட்பார்: "அண்ணை, அவன் இப்ப என்ன சொன்னவன்?"

அக்கேள்விக்குப் பதில் சொல்வதற்கு அருகில் அண்ணை ஒருவர் இல்லாத நாட்களும் உண்டு. அத்தகைய நாட்களில் என்ன நடக்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேலைத்தலத் தொடர்பாடல் என்றதும் அதனை முகாமைத்துவம் பயிலும் மாணவருக்குரிய பாடம் என்று பலரும் எண்ணுவர். தொடர்பாடல் தவறுவதனால் முதலாளிக்கு இலாபம் குறையும், வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பர் என்ற அளவிலேயே பாடநூல்கள் பல நின்றுவிடுகின்றன. ஆனால் இயந்திரத்தின் முன்னும், கொதிக்கும் எண்ணெயின் முன்னும், உயரச் சாரத்தின் மீதும் நிற்பவனுக்கு அது கையையும் காலையும் உயிரையும் பற்றிய விடயம்.

ஒரு சொல் இல்லாமற் போனதால்

1990 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் திகதி இரவு, கொலம்பியாவின் அவியங்கா நிறுவனத்தின் 52 ஆம் இலக்க விமானம் 158 பேருடன் நியூயோர்க் கெனடி விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. வானிலை மோசமாக இருந்தது. விமானம் வழியில் மூன்று இடங்களிற் காத்து நிற்க வைக்கப்பட்டு, மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆகாயத்தில் வட்டமிட்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. தலைமை விமானிக்கு ஆங்கிலம் போதியளவு வராது. வானொலியிற் பேசும் பொறுப்புத் துணை விமானியினுடையது.

துணை விமானி பேசாமலிருக்கவில்லை. தமக்கு முன்னுரிமை தேவை என்றார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கின்றது என்றும் சொன்னார். ஆனால் 'அவசரநிலை' என்ற சொல்லை அவர் ஒரு தடவையேனும் உச்சரிக்கவில்லை. தரையிறங்க முயன்று முடியாமல் மீண்டும் மேலெழுந்தபோது, அவசரநிலையை அறிவிக்குமாறு தலைமை விமானி ஸ்பானிய மொழியிற் பணித்தார். துணை விமானியோ கட்டுப்பாட்டாளரின் வழக்கமான கட்டளையை ஏற்றுக்கொண்டுவிட்டு, அதன் வாலில் எரிபொருள் தீர்கின்றது என்பதைச் சாதாரண குரலிற் சேர்த்துக்கொண்டார். அறிவித்தாயா என்று தலைமை விமானி கேட்டபோது, அறிவித்துவிட்டேன் என்றார். பின்னர் கட்டுப்பாட்டாளர், தாம் தரும் பாதை எரிபொருள் நிலைக்கு ஒத்துவருமா என்று கேட்டார். ஒத்துவரும் என்றே நினைப்பதாகக் கூறி, நன்றியும் தெரிவித்தார் துணை விமானி.

சில நிமிடங்களில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானம் லோங் ஐலண்டில் ஒரு குன்றுப்புறத்தில் வீழ்ந்தது. 73 பேர் மாண்டனர். வீழ்ந்த விமானம் தீப்பற்றவில்லை. பற்றுவதற்கு எரிபொருள் எஞ்சியிருக்கவில்லை.

எரிபொருள் அவசரநிலை உரிய முறையில் அறிவிக்கப்படாமையை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை சுட்டிக்காட்டியது. எரிபொருளின் நிலையை விபரிக்க விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் பொதுவான, தெளிவான சொற்கள் இல்லாதிருந்தமையையும் அது ஒரு காரணியாகக் கூறியது. பேசியவர் தாம் கூறவேண்டியதைக் கூறிவிட்டதாக நம்பினார். கேட்டவர் கூறப்பட்டதைக் கேட்டுவிட்டதாக நம்பினார். இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையில் ஒரு விமானம் வீழ்ந்தது.

அந்தத் துணை விமானியை எமக்கு நன்கு தெரியும். அந்நிய மொழியில், அதிகாரமுள்ள ஒருவரிடம், அவருக்குச் சிரமம் தராத வகையில், பணிவான குரலில் ஆபத்தைத் தெரிவிக்க முயன்று தோற்றுப்போன எத்தனை முகங்களை நாம் எமது வேலைத்தலங்களிற் காண்கின்றோம்!

மேலோரின் முன் மௌனம்

மொழி மட்டுந்தான் தடை என்று கொள்வோமாயின், ஒரே மொழி பேசுவோரிடையே விபத்துகள் நிகழக்கூடாது. உண்மை அதுவன்று. 1977 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் திகதி, ஸ்பெயினுக்குரிய ரெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு பெரும் போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் அனுமதி கிடைக்கு முன்னரே புறப்பட ஓடத் தொடங்கியது. அமெரிக்காவின் பான் ஆம் விமானமோ அப்போதும் ஓடுபாதையிலேயே நின்றது.

அங்கே தடைகள் யாவும் ஒருங்கே கூடியிருந்தன. தாம் புறப்படுவதை கே.எல்.எம். விமானிகள் தெரிவித்த ஆங்கில வாசகம், புறப்படக் காத்திருக்கின்றோம் என்றும் பொருள்படும், புறப்பட்டுவிட்டோம் என்றும் பொருள்படும். கட்டுப்பாட்டாளர் முதலிற் 'சரி' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டே, காத்திருக்குமாறு சொன்னார். அதே கணத்தில் பான் ஆம் விமானியும் பேசியதால் இரு ஒலிபரப்புகளும் மோதிக் கீச்சொலியாயின. 'சரி' என்ற சொல் தெளிவாகக் கேட்டது, அதனைத் தொடர்ந்த எச்சரிக்கை கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் எம்மை உறுத்துவது வேறொன்று. கே.எல்.எம். விமானத்தின் பொறியியலாளர் ஐயங்கொண்டார். மற்றைய விமானம் இன்னும் விலகவில்லையா என்று தமது தாய்மொழியிலேயே கேட்டார். தலைமை விமானி, அந்நிறுவனத்திற் பெருமதிப்புப் பெற்றவர், விலகிவிட்டது என்று உறுதிபடச் சொன்னார். பொறியியலாளர் மேலும் வற்புறுத்தவில்லை. மரியாதையும் ஒரு மூடுபனிதான்.

இவ்விபத்தின் பின்னர் இரண்டு மாற்றங்கள் வேரூன்றின. 'புறப்படுதல்' என்பதைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல், அதற்கான அனுமதியை வழங்கும்போது அல்லது மீளப்பெறும்போது மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்ற நடைமுறை வந்தது. இளையவர் மூத்தவரைத் துணிந்து மறித்துப் பேசவும், மூத்தவர் அதனைச் செவிமடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சியளிக்கப்படலாயிற்று. மௌனம் இயல்பாக வருகின்றது. பேச்சைப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கின்றது.

'ஓம்' என்பது என்ன?

எம்மவருக்கே உரிய தடைகள் சில உண்டு. அவற்றை வெட்கமின்றிப் பேசுதல் நன்று.

முதலாவது, எமது 'ஓம்'. இயந்திரத்தை நிறுத்தவில்லையா என்று ஒருவர் கேட்டால், நிறுத்தாத தமிழன் 'ஓம்' என்கிறான். நீர் சொல்வது சரி, நிறுத்தவில்லை என்பது அதன் பொருள். அதே கேள்வியை ஆங்கிலத்திற் கேட்டு 'யெஸ்' என்ற பதில் வந்தால், நிறுத்திவிட்டான் என்று ஆங்கிலேயர் கொள்வர். தமிழன் கேள்விக்கு உடன்படுகின்றான். ஆங்கிலேயன் நிகழ்ச்சிக்கு உடன்படுகின்றான். பிரெஞ்சு மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் நோர்வே மொழியிலும் இத்தகைய எதிர்மறைக் கேள்வியை மறுத்து உடன்பாடாகப் பதிலளிப்பதற்கென்றே தனிச் சொல் உண்டு: 'சி', 'டொக்', 'யூ' என்பன முறையே அவை. அந்நாடுகளில் வாழும் எம்மவர் இச்சிறு சொல்லைக் கற்றுக்கொள்வது நூறு பெயர்ச்சொற்களைக் கற்பதிலும் பயனுடையது. ஆங்கில நாடுகளில் வாழ்வோர் 'யெஸ்', 'நோ' என்று தனியே விடாது, "நிறுத்தவில்லை" என்று முழு வினையையும் சொல்லிப் பழகுவதே பாதுகாப்பு.

இரண்டாவது, எமது தலையசைப்பு. பக்கவாட்டில் மெல்ல ஆடும் எமது தலை உடன்பாட்டையும் சொல்லும், கேட்டுக்கொண்டிருக்கின்றேன் என்பதையும் சொல்லும், உமது மனம் நோகாதிருக்கட்டும் என்பதையும் சொல்லும். மேற்கு நாட்டவர் சிலர் அதனை மறுப்பென்று எண்ணிச் சினங்கொள்வர். பழகியவர்கள் அதனைச் சம்மதமென்று எண்ணி நம்பிவிடுவர். இரண்டாவதே அதிகம் ஆபத்தானது.

மூன்றாவது, பணிவின் இலக்கணம். தமிழில் மரியாதை வினையின் ஈற்றிலேயே அமைந்துவிடுகின்றது. "தாருங்கோ" என்றாற் போதும். 'தயவுசெய்து' என்று நாம் நாளாந்தப் பேச்சிற் சேர்ப்பதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் "அதைத் தா" என்ற அளவில் நாம் கேட்கும்போது, முரடர் என்ற பெயர் எமக்கு வருகின்றது. மறுபுறம், "முடியுமானால் அதைச் சற்றுப் பார்க்கலாமே" என்று மேலாளர் மென்மையாகக் கூறுவது ஒரு கட்டளை என்பது எமக்கு விளங்குவதில்லை. முடியுமானால் என்றாரே, இப்போது முடியவில்லை என்று நாம் விட்டுவிடுகின்றோம். மாலையில், சொல்வழி கேளாதவன் என்று குறிப்பு எழுதப்படுகின்றது.

நாம் கற்பித்த மௌனம்

இவ்விடத்தில் எமது சொந்தக் கதையொன்றையும் சொல்ல வேண்டும்.

நாட்டை விட்டு வந்த புதிதில், உணவுப் பொருட்களைப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் இரவுநேரத் துப்புரவு வேலை எமக்குக் கிடைத்தது. முதல் வாரத்தில் ஒரு நாள், மேற்பார்வையாளர் இரண்டு கொள்கலன்களைக் காட்டி ஏதோ சொன்னார். ஆங்கில நூல்களை வாசித்தும் விரிவுரை செய்தும் பழகியிருந்த எமக்கு, அவர் பேசிய தொழிற்சாலை ஆங்கிலம் பிடிபடவில்லை. 'ஒன்றாக' என்ற சொல் மட்டும் செவியில் விழுந்தது. விளங்கியதா என்றார். விரிவுரையாளராயிருந்தவன் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தலையசைத்தோம்.

ஒன்று குளோரின் கலந்த வெளிறச் செய்யும் நீர். மற்றையது கறை நீக்கும் அமிலம். ஒருபோதும் ஒன்றாகப் பாவிக்க வேண்டாம் என்பதே அவர் சொன்னது. நாம் ஒரே வாளியில் இரண்டையும் ஊற்றினோம். எழுந்த புகை கண்ணையும் தொண்டையையும் பற்றியது. அப்பால் வேலை செய்த போர்த்துக்கேயப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து, எமது சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே பனியில் நிறுத்தினார். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் முதல் நாளிலேயே கையைக் காட்டி, மூக்கைக் காட்டி, மீண்டும் மீண்டும் கேட்டு அறிந்துகொண்டிருந்தார்.

மேற்பார்வையாளர் எம்மை ஏசவில்லை. ஒரு வாக்கியம் மட்டுமே சொன்னார்: "உம்மைக் கேட்டேன். நீர் ஆம் என்றீர்."

இரண்டு நாட்கள் இருமியபடி படுத்திருந்தபோது எமது பழைய விரிவுரை மண்டபம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் "விளங்கியதா?" என்று நாமும் கேட்டதுண்டு. மண்டபம் முழுவதும் தலைகள் அசையும். நாமும் அம்மேற்பார்வையாளரைப் போலவே திருப்தியுடன் ஏட்டை மூடுவோம். என்றோ ஒரு மாணவன் எழுந்து விளங்கவில்லை என்றபோது, "நூலகத்திற் சென்று பாரும்" என்று அவனை அமர்த்தியதும் நினைவிருக்கின்றது. மற்றையோர் சிரித்தனர். அவன் பின்னர் எழுந்ததில்லை. இன்று ஏதோவொரு நாட்டில், ஏதோவொரு இயந்திரத்தின் முன் நின்று அவன் தலையசைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தத் தலையசைப்பை அவனுக்குக் கற்பித்தவர்களுள் நாமும் ஒருவர்.

மௌனத்தை எமக்குக் கற்பித்தது வகுப்பறை மட்டுமன்று. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர், மொழி தெரியாமை இலங்கையின் அரச கந்தோர்களில் தண்டனைக்குரியதாயிற்று. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962 இற் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கு, இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிற்காலத்திற் சோதனைச் சாவடிகளில், விளங்காத மொழியிற் கேட்கப்பட்ட கேள்விகளுக்குத் தலையசைத்துத் தப்பியவர்கள் நாம். தெரியாது என்று சொல்வது ஆபத்து என்று நாடு எமக்குக் கற்பித்தது. தெரியும் என்று சொல்வதே ஆபத்து என்பதை இங்கே புதிதாகக் கற்க வேண்டியிருக்கின்றது.

முதலாளிமாரின் கடன்

இவ்வளவும் சொன்னதனால் பழி முழுவதும் தொழிலாளியினுடையதென்று ஆகிவிடாது. 1960 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் திகதி, ரொறன்ரோவின் ஹொக்ஸ் ஹொலோ என்னுமிடத்தில், ஆற்றின் கீழ் நீர்க்குழாய்ச் சுரங்கம் அமைத்துக்கொண்டிருந்த இத்தாலியக் குடிவரவாளர் ஐவர், தீயிலும் புகையிலும் சிக்கி மாண்டனர். தீயை அணைக்கவோ தப்பி வெளியேறவோ போதிய ஏற்பாடுகள் அங்கிருக்கவில்லை. அக்காலத்து இத்தாலியத் தொழிலாளர் பலருக்கு முறையிட மொழியில்லை. மொழியிருந்தோருக்கும் வேலை போய்விடுமென்ற அச்சமிருந்தது. அந்த ஐவரின் மரணத்தின் பின்னரே ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்படலாயின. யோர்க் மில்ஸ் சுரங்கரயில் நிலையத்தில் அவர்களின் நினைவாக ஒரு பெருந் துணிச்சித்திரம் 2010 இல் வைக்கப்பட்டது. அவ்வழியாக வேலைக்குச் செல்லும் எம்மவர் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

ஒன்ராறியோவில் 1979 முதல் நடைமுறையிலுள்ள தொழில் நலப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளிக்கு மூன்று உரிமைகளைத் தருகின்றது: ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு ஏற்பாடுகளிற் பங்குகொள்ளும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. மறுத்தமைக்காகத் தண்டிப்பது சட்டவிரோதம். அமைச்சு வெளியிடும் விளக்கங்களை ஆங்கிலத்திலும், அவ்வேலைத்தலத்திற் பெரும்பான்மையோர் பேசும் மொழியிலும் காட்சிக்கு வைக்க வேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஐரோப்பாவிலும், தொழிலாளருக்குத் தகவலும் பயிற்சியும் வழங்குவது முதலாளியின் கடமை என்பதை 1989 ஆம் ஆண்டின் பொது நெறிமுறை நிலைநாட்டியுள்ளது. விளங்கும்படி சொல்வது முதலாளி காட்டும் கருணையன்று. அவர் செலுத்தவேண்டிய கடன்.

நடைமுறையில் இக்கடன் எவ்வாறு தட்டிக்கழிக்கப்படுகின்றது என்பதையும் நாம் அறிவோம். எம்மவருள் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, "நீ உன் ஆட்களுக்குச் சொல்லிவிடு" என்று முதலாளி ஒதுங்கிக்கொள்கிறார். அந்த ஒருவர் நல்லவராயின் நன்று. முறைப்பாடுகளை மேலே கொண்டுசெல்லாது தம் கையிலேயே மடித்துவைக்கும் இடையாளராயின், மொழி தெரியாத இருபது பேரும் அவருடைய பிடிக்குள் அகப்பட்டுவிடுகிறார்கள். தமிழர் ஒருவர் மேற்பார்வையாளராக இருக்கும் இடத்தில் தமிழர் வாய் திறக்க அதிகம் அஞ்சுவதை நாம் கண்டதுண்டு. இது கசப்பான உண்மை.

என்ன செய்யலாம்?

மருந்து எளியது, செலவற்றது. விமானிகள் கட்டளையைத் திருப்பிச் சொல்கிறார்கள். திருப்பிச் சொல்லிக் கேட்டு உறுதிசெய்த பின்னரே சொன்னது சென்றடைந்ததாகக் கொள்ளப்படும். இதை எந்தச் சமையலறையிலும் செய்யலாம். "விளங்கியதா?" என்பது பயனற்ற கேள்வி, "இப்போது என்ன செய்யப் போகின்றீர், சொல்லும்" என்பதே பயனுள்ள கேள்வி. மேலாளர் அவ்வாறு கேட்காவிட்டால், நாமாகவே "நீர் சொன்னது இதுதானே" என்று கையாற் காட்டியேனும் திருப்பிச் சொல்லலாம். ஆங்கிலத்தின் பிழைகள் பொருட்டல்ல. இரைச்சலில் நின்று பேசாது, இயந்திரத்தை நிறுத்தி அல்லது அப்பால் அழைத்துச் சென்று பேசலாம். தாளில் வரையலாம். இன்று கைத்தொலைபேசிகளே மொழிபெயர்க்கின்றன; ஆயினும் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை அவை தவறவிட்டாலும் எமது வாளிக்கதைதான்; அவற்றின் மொழிபெயர்ப்பையும் திருப்பிச் சொல்லியே உறுதிசெய்ய வேண்டும்.

இவை சிறு விடயங்களாகத் தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறுவைச் சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை அறிமுகஞ் செய்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் உரத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலொன்று. பெயர் சொல்லி வாய் திறந்த தாதி, தவறொன்றைக் கண்டால் மீண்டும் வாய் திறப்பாள் என்பதே அதன் நோக்கம். எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் இப்பட்டியல் பரீட்சிக்கப்பட்டபோது, இறப்பு வீதம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே எமது நீண்ட பெயர்களைச் சுருக்கிக்கொண்டு, கூப்பிட்ட பெயருக்கெல்லாம் திரும்பிப் பார்க்கும் வழக்கத்தையும் நாம் சற்று மீளாய்வு செய்தல் நன்று.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்குச் செவிமடு என்றும் வினாவு என்றும் இரு பொருள் உண்டு. வள்ளுவர் 'கேள்வி' என்ற பெயரில் ஓர் அதிகாரமே வைத்தார். அது செவிச் செல்வத்தைப் பற்றியது. கேட்பவன் கேட்கவும் வேண்டும் என்று எமது மொழியே வைத்திருக்கின்றது. நாம் முதற் பொருளைப் பணிவாக்கிக்கொண்டு, இரண்டாம் பொருளை மறந்துவிட்டோம்.

நாளை காலை வேலைக்குச் செல்லும் வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. மேற்பார்வையாளர் சொன்னது விளங்காவிட்டால் தலையை அசையாமல் வைத்திருங்கள். மீண்டும் கேளுங்கள். அவர் முகஞ்சுளிக்கலாம், அருகிலுள்ளோர் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு ஒரு கணத்தில் அடங்கிவிடும். இயந்திரத்தில் இழந்த விரல் மீண்டும் முளைக்காது.